ஹூஸ்டனில் கைதானவரைத் தேட: ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் தேடல் பக்கம், என் அனுபவம்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை இரண்டேகால் மணிக்கு போன் அடித்தது. எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வரும் மூன்று பையன்களில் ஒருவன், கூடத் தங்கியிருக்கும் இன்னொருவனைப் பற்றிப் பேசினான். "அக்கா, இவன் இன்னும் வரலை. போன் அடிச்சா எடுக்கலை. லொகேஷன் மட்டும் ஒரே இடத்துல நிக்குது."

லொகேஷனைப் பார்த்தால், வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்ப் போடும் யார்டு. விபத்து என்றுதான் முதலில் நினைத்தோம். என் கணவர் ஒவ்வொரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியாகக் கூப்பிட ஆரம்பித்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். போலீஸ் பிடித்தாலும் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள், போனும் அதற்குள்ளேயே கிடக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

அன்று ராத்திரி எனக்குத் தெரியாமல் போன இரண்டு விஷயங்களால் மூன்று மணி நேரம் வீணானது. இன்னொரு வீட்டில் அது நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், கவுண்டி. நம்மூர் மாவட்டம் மாதிரி. ஷெரிஃப் என்பவர் அந்தக் கவுண்டியின் போலீஸ் தலைவர், சிறையும் அவர் பொறுப்பில்தான். நாங்கள் இருப்பது ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்ட். அது ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. பையன்கள் இருப்பதும் இங்கேதான். அதனால் நான் தேடியது ஃபோர்ட் பெண்ட் ஷெரிஃப் பக்கத்தில். அவன் பெயர் அங்கே வர வாய்ப்பே இல்லை. வீடு எங்கே என்பது கணக்கே இல்லை, பிடித்த இடம் எது என்பதுதான் கணக்கு. அவன் வெஸ்ட்ஹைமர் ரோட்டில் ஒரு பிறந்தநாள் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அது ஹாரிஸ் கவுண்டி. நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். கேட்டி ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டியில் கிடக்கிறது. மீனாட்சி கோயில் இருக்கும் பேர்லேண்டின் பெரும்பகுதி பிரசோரியா கவுண்டி, அதன் சிறை ஆங்கிள்டனில். ஃபோர்ட் பெண்ட் சிறை ரிச்மண்டில். மாண்ட்கோமரி கவுண்டி சிறை கான்ரோவில். கோயிலிலிருந்து வீடு வருவதற்குள்ளேயே இரண்டு மூன்று கவுண்டி எல்லையைத் தாண்டிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஷெரிஃப், தனித் தேடல் பக்கம்.

ஹூஸ்டன் நகருக்குள் ஹாரிஸ் பக்கம் பிடித்தால் இப்போது ஒரே இடம்தான். முன்பு நகரப் போலீஸுக்கு இரண்டு சிறைகள் தனியாக இருந்தன. 2019-இல் டவுன்டவுனில் நார்த் சான் ஹசின்டோ தெருவில் நகரமும் கவுண்டியும் சேர்ந்து, கைதானவர்களைப் பதிவு செய்யும் ஜாயிண்ட் பிராசஸிங் சென்டரைத் திறந்த பிறகு அவற்றை மூடிவிட்டார்கள். எல்லோரையும் இங்கேதான் கொண்டுவருகிறார்கள். ஆகவே ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின் பக்கம் ஒன்றைப் பார்த்தால் போதும். சுற்றியிருக்கும் சில சிறு நகரங்கள் மட்டும் பிடித்தவரைக் கொஞ்ச நேரம் தங்கள் லாக்கப்பிலேயே வைத்திருக்கும். பெயர் வராவிட்டால் அந்த நகரப் போலீஸுக்கு போன் செய்துதான் கேட்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் பெயர். இதைத் தமிழர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஷெரிஃப் பக்கத்தில் கடைசிப் பெயர், முதல் பெயர், பிறந்த தேதி வைத்துத் தேடலாம். காசு கிடையாது. நான் அவன் பெயரை முதல் பெயர் கட்டத்திலும், அப்பா பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்திலும் போட்டேன். யாரும் இல்லை என்று வந்தது. மாற்றிப் போட்டேன். இல்லை. இனிஷியலோடு போட்டேன். இல்லை. மணி நாலரை ஆகிவிட்டது. அப்போது அவன் ரூம்மேட், "அக்கா, அவன் லைசென்ஸ்ல எஃப்என்யுன்னு இருக்கும்" என்றான்.

பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே வரியில், சர்நேம் இடத்தில் இருந்துவிட்டால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கிருந்து லைசென்ஸுக்குப் போகும், லைசென்ஸிலிருந்து சிறைப் பதிவுக்குப் போகும். முதல் பெயர் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தையும், கடைசிப் பெயர் கட்டத்தில் அவன் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்தும் போட்டேன். இரண்டு வரி வந்தது. அதில் ஒன்றில் அவன் பிறந்த தேதி.

அந்த வரியைப் பார்த்ததும் என் கணவரின் கையிலிருந்து போனை வாங்கி வைத்தேன். அவர் அப்போது ஆறாவது ஆஸ்பத்திரியில் ஹோல்டில் இருந்தார். உயிரோடு இருக்கிறான். அந்த நிமிஷத்துக்கு அது போதுமாக இருந்தது.

வரியைத் தொட்டால் என்ன குற்றச்சாட்டு, எந்தக் கோர்ட், ஜாமீன் தொகை குறித்தாகிவிட்டதா என்பது தெரியும். கூடவே எஸ்பிஎன் என்று ஓர் எண் இருக்கும். இந்த எண்ணை உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ் கவுண்டியில் ஓர் ஆளுக்கு ஓர் எண், அது மாறாது. அதற்கப்புறம் யாரிடம் பேசினாலும் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் பாடு கிடையாது, எண்ணைச் சொன்னால் போதும்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிடித்த உடனே பெயர் ஏறாது. கைரேகை, போட்டோ, உடல்நிலை விசாரிப்பு எல்லாம் ஆனபிறகுதான் வரும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். எனவே ராத்திரி ஒரு மணிக்கு இல்லை என்று வந்தால் ஆள் அங்கே இல்லை என்று அர்த்தமில்லை. அதே மாதிரி, அது உள்ளே இருப்பவர்களின் பட்டியல். வெளியே விட்டுவிட்டால் பெயர் போய்விடும். அதன்பிறகு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க கோர்ட் பதிவுகளை வைத்திருக்கும் ஹாரிஸ் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளார்க் பக்கத்துக்குப் போக வேண்டும். வாய்தா தேதிக்கு நான் நம்புவது அதைத்தான்.

திருச்சியில் அப்போது சாயங்காலம் நாலரை மணி. அவன் அம்மாவிடம் நான்தான் பேசினேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடித்திருக்கிறார்கள், முதல் தடவை, யாருக்கும் அடிபடவில்லை என்று சொன்னேன். "நீ அவனைக் கண்ணால பாத்தியாம்மா?" என்று கேட்டார். இல்லம்மா, பதிவைப் பார்த்தேன் என்றேன். "அதுல அவன் பேரு சரியா இருக்கா?" சரியாக இல்லை, ஆனால் அவன்தான் என்பதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இனி தனியார் தளங்கள். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை அவைதான். ஊர் பெயரையும் கைது பதிவு என்பதையும் பெரிதாகப் போட்டு, அரசுப் பக்கம் மாதிரியே நட்சத்திரமும் நீலநிறமும் வைத்திருப்பார்கள். நான் பதற்றத்தில் ஒன்றில் பெயரைப் போட்டேன். பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது, பதிவு கிடைத்துவிட்டது என்றது, கார்டு எண் கேட்டது. கொடுத்தேன். வந்தது கலிஃபோர்னியாவில் யாரோ ஒரு பெரியவரின் பழைய வீட்டு முகவரி. மாதச் சந்தாவை நிறுத்த இரண்டு வாரம் ஆயிற்று. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். நேற்று ராத்திரி நடந்த கைது கவுண்டியிடம்தான் இருக்கும், கவுண்டி அதை இலவசமாகவே காட்டுகிறது.

இதே வகையில், பிடித்தபோது எடுத்த போட்டோவைப் போட்டுவைத்து, எடுக்கப் பணம் கேட்கும் தளங்களும் உண்டு. டெக்சஸ் 2013-இல் இவற்றுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. கோர்ட் பதிவை அழிக்கச் சொல்லி உத்தரவிட்ட பிறகும் வெளியிட்டால் அபராதம். பணம் கட்டுவதற்கு முன்னால் வக்கீலிடம் கேளுங்கள்.

பதிவு எல்லோருக்கும் திறந்திருப்பதால் வரும் ஆபத்து இன்னொன்று. அன்று மதியம் ரூம்மேட்டுக்கு ஒரு போன். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னான். கைதான பையனின் முழுப்பெயர், குற்றச்சாட்டு எல்லாம் சரியாகச் சொல்லி, காலில் கட்டும் மானிட்டருக்கு உடனே பணம் அனுப்பினால் விட்டுவிடுவோம் என்றான். பையன் பாதிப் பணத்தை அனுப்பத் தயாராகிவிட்டான். நல்லவேளை என்னைக் கேட்டான். எந்த ஷெரிஃப் ஆபீஸும் போனில் கிஃப்ட் கார்டோ ஆப் வழியாகப் பணமோ கேட்காது.

உண்மையில் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த சென்டரில் மாஜிஸ்திரேட் விசாரணை இரவு பகலாக நடக்கிறது. சொந்த ஜாமீனில், அதாவது பணம் கட்டாமல் வாய்தாவுக்கு வருவதாக எழுதிக்கொடுத்ததன் பேரில், அவனை விட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, பெல்ட்டும் பர்ஸும் போட்ட பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். காரில் ஏறி, இட்லி டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டே, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்றான்.

விசாவில் இருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு முடிவதற்கு முன்பே, குடித்து ஓட்டிய கைதுக்காக மட்டுமே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவைத் தூதரகம் ரத்து செய்ய முடியும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வர மறுபடி விசா வாங்க வேண்டியிருக்கும். கிரிமினல் வக்கீலோடு இமிக்ரேஷன் வக்கீலையும் அந்த வாரமே பாருங்கள். டிரைவிங் லைசென்ஸை முடக்குவதாக நோட்டீஸ் கொடுத்தால், அதை எதிர்த்து விசாரணை கேட்க அன்றிலிருந்து 15 நாள்தான்.

ஷெரிஃப் பக்கம் நன்றாகவே வேலை செய்கிறது. கேட்டால் சொல்கிறது, காசு கேட்பதில்லை. நாம் அதற்குச் சரியான பெயரைக் கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மூன்று பேரிடமும் லைசென்ஸை வாங்கி, அதில் உள்ளபடி பெயரும் பிறந்த தேதியும் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே நான்கு கவுண்டிகளின் பெயர்.