மாடித்தோட்டம், உரப்பானை, பைனாகுலர்: தாம்பரம் வெயிலில் எது நின்றது, எது இற்றது

மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: காய்கறிச் செலவு மிச்சமாகிறதா? ஆகவில்லை. கீரை, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் மூன்றையும் கடையில் வாங்குவது நின்றுவிட்டது. ஆடியில் விதைத்தால் கார்த்திகை வரை கத்தரியும் வெண்டையும் ஓரளவு வரும். பைக்கும் நாருக்கும் வலைக்கும் போட்ட காசைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் என் வீட்டுத் தக்காளிதான் தாம்பரம் மார்க்கெட்டிலேயே விலை கூடிய தக்காளியாக இருக்கும். அதனால் மிச்சத்தை எதிர்பார்த்து ஆரம்பிப்பவர்கள் இதை மேலே படிக்க வேண்டாம். வேறு காரணத்துக்காக ஆரம்பிப்பவர்களுக்கு, பல வருடம் வெயிலில் கிடந்த பொருள்கள் என்ன ஆயின என்று சொல்கிறேன்.

வீடு சேலையூர் பக்கம். ஒரு மாடி, மேலே திறந்த தளம், சுற்றி எந்த மரத்தின் நிழலும் விழாது. தண்ணீர் போர்வெல், பக்கெட்டில் இரண்டு நாள் வைத்தால் ஓரத்தில் வெள்ளை படியும். வெயில், உப்புத்தண்ணீர், இந்த இரண்டும்தான் புறநகர்த் தோட்டத்தின் நிரந்தர எதிரிகள். பூச்சியெல்லாம் அதற்கப்புறம். வாங்குகிற ஒவ்வொரு பொருளையும் இந்த இரண்டையும் தாங்குமா என்று பார்த்து வாங்கினால் பாதிச் செலவு குறையும்.

முதலில் பை. தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை (கிட்) மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தது. பை, தென்னை நார்க்கட்டி, விதைப் பொட்டலம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள், வேரழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் என எல்லாம் ஒரே மூட்டையாக வரும். இறங்கிப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. எனக்கு அதில் ரொம்பப் பயன்பட்டவை அந்த உயிர் உரப் பொட்டலங்கள். தனித்தனியாகத் தேடி வாங்க அலைய வேண்டும்.

அதற்கப்புறம் ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய, வெளியே வெள்ளை உள்ளே கறுப்பான பாலித்தீன் பைகள் இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தூக்கினால் அடி தனியாக வரும். எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் இழையில் நெய்த பை, 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) மேல் இருந்தால், நாலு கோடை தாங்குகிறது. அதிலும் முதலில் போவது பை இல்லை, கைப்பிடியின் தையல் நூல். எனவே பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்து வாங்குங்கள். வயதானதும் பச்சைப் பச்சையாக இழை உதிர்ந்து மண்ணில் கலக்கிறது. இயற்கை விவசாயம் என்று சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் தூளை மண்ணில் போடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உதிர ஆரம்பித்த அன்றே மாற்றிவிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. துணிப் பைகளில் வேர் அருமையாக வளரும், ஆனால் மே மாதம் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போய்விடும். இரண்டு வேளையும் வீட்டில் ஆள் இருந்தால் சரி.

எல்லாவற்றையும் தாண்டி நின்றது பழைய நீல டிரம்தான். 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்து அடியில் துளை போட்டு வைத்ததில் ஒன்றுகூட இன்னும் வெடிக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். அதில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டு, எண்ணெயோ பழக்கூழோ இருந்ததாகப் பார்த்து எடுங்கள். ரசாயன வாடை அடிப்பது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

டிரம் என்றதும் எடையைச் சொல்லியாக வேண்டும். ஆள் நடமாடும் தட்டையான மாடிக்கு கட்டடப் பளுவுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் பளு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈர மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அரை டிரம்மில் மண்ணை மட்டும் நிரப்பினால் அந்த ஒன்றே அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். அதனால் டிரம்களைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடுகிற வரிசையில் செங்கல் மேல் வைத்திருக்கிறேன். செங்கல் வைப்பதால் அடியில் தண்ணீர் தேங்காமல் ஓடுகிறது, தளத்து ஓடுகளிலும் பாசி பிடிக்கவில்லை. பழைய வீடாக இருந்தால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

எடைக்குப் பயந்துதான் எல்லோரும் தென்னை நார்க்கழிவுக்குப் போகிறோம். ஐந்து கிலோ கட்டி ஊறினால் அறுபது, எழுபது லிட்டர் வரும், தூக்க லேசு. மலிவுக் கட்டியில் உப்பு இருக்கும், இரண்டு முறையாவது அலசிப் பிழியாமல் போட்டால் இலை ஓரம் கருகும். ஏற்கெனவே போர் தண்ணீரிலும் உப்பு, இதுவும் சேர்ந்தால் செடி எங்கே போகும்? இரண்டு வருடத்தில் நார் மக்கிக் களிபோல ஆகி, ஐப்பசி மழையில் தண்ணீரை விடாமல் பிடித்து வேரை அழுகவைக்கும். இப்போது செம்மண், நார், தொழுவுரம் மூன்றும் சம பங்கு. தலைகீழாகக் கொட்டி மாற்றுவதில்லை. ஒவ்வொரு பட்டத்துக்கும் மேலே நாலு விரற்கடை உரம் சேர்ப்பதோடு சரி.

தண்ணீர் விஷயத்தில் யாரும் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. சொட்டுநீர் செட் விற்பவர்கள் அழுத்தத்தை ஈடுகட்டும் (அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டும்) சொட்டுவான்தான் உயர்ந்தது என்பார்கள். வயலில் மோட்டார் வைத்து ஓட்டுபவருக்கு அது உண்மை. நம் மாடியில் தொட்டி இருப்பது இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. நமக்குக் கிடைப்பது கால் பார். அந்தச் சொட்டுவான்களில் பெரும்பாலானவை இந்த அழுத்தத்தில் ஒழுங்காகத் திறக்கவே திறக்காது. திருகிக் கூட்டிக் குறைக்கிற சாதாரண சொட்டுவான் போதும். டைமரிலும் இதே கதை: மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வு உள்ளது அழுத்தம் கேட்கும், பந்து வால்வு உள்ளது தொட்டித் தண்ணீரிலேயே வேலை செய்யும். பெட்டியின் மேல் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள். உப்பு அடைப்புக்கு, சொட்டுவான்களைக் கழற்றி ராத்திரி முழுக்க வினிகரில் போட்டு வைக்கிறேன். 16 மி.மீ. மெயின் குழாய் மட்டும் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, கோடையில் நாற்றுகளுக்கு அதுதான். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் நேரெதிர், இருக்கிற உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல்வலை 50 சதவீதம் (பாதி வெயிலை மறைப்பது) என்று பொதுவாக வாங்கச் சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் கீரைக்கும் நாற்றுக்கும் சரி. வெண்டைக்கு வேண்டாம், காயை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் காட்டும். தட்டை நூலில் பின்னியது சீக்கிரம் நைந்துபோகும், உருண்டை நூல் வலைக்குக் கூடக் கொடுக்கலாம். எதுவானாலும் சுருட்டி எடுக்கிற மாதிரி கட்ட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் வலையை நிலையாகக் கட்டியிருந்த மாடிகளில் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போனது.

வெயிலுக்கு அசையாத இன்னொன்று சுட்ட மண். மூன்றடுக்கு உரப்பானை வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது. ஈரக்குப்பைக்குச் சமமாகக் காய்ந்த இலையோ மரத்தூளோ போட்டால் நாற்றமே இருக்காது. போடாவிட்டால் புழு வரும். அந்தப் பழுப்பு நிறத் தடித்த புழு பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். இதை எல்லாம் அம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன். "ஏண்டா, புழு வளக்குறதுக்கா காசு குடுத்துப் பானை வாங்குன?" என்றதோடு பேச்சு முடிந்தது. பானை மாடியிலேயே இருக்கிறது, கீழே வர அனுமதி இல்லை.

விளைச்சலைப் பற்றிச் சுருக்கமாக. சிறுகீரை, தண்டுக்கீரை யாரையும் கைவிடாது. டிரம்மில் பி.கே.எம்.-1 ரகச் செடிமுருங்கை பிரமாதம், கவாத்து பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் தக்காளி பூக்கும், பிஞ்சு நிற்காது. இரவும் சூடாக இருக்கும்போது அது அப்படித்தான், உரம் போட்டு மல்லுக்கட்டாதீர்கள். பீர்க்கன் அந்தியில் பூக்கும். மாடிக்கு அந்த நேரத்தில் பூச்சி வருவது குறைவு, அதனால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தொட்டுவிட வேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து செய்ய ஏற்ற வேலை.

மருந்தடிப்பதை நான் நிறுத்தியதற்கு ஒரு காரணம் பப்பாளி. 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பரவி, மல்பெரி, மரவள்ளி வரை நாசம் செய்தது. 2010இல் வெளிநாட்டிலிருந்து அசிரோஃபாகஸ் பப்பாயே என்ற கடுகளவு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. நம் மாடியில் மருந்தடித்தால் மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் தப்பிக்கும், குளவி சாகும். இப்போது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதும் எப்போதாவது வேப்பெண்ணெயும்தான்.

மருந்து நின்றதும் மாடிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வண்ணத்துப்பூச்சிப் புழு, செம்பருத்திக்குத் தேன்சிட்டு, புதருக்குள் தையல்சிட்டு. பைனாகுலர் வாங்கியது இந்தச் சிட்டுகளால்தான், அது என்னை வீட்டை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. சைக்கிள் இருந்தால் சித்தாலப்பாக்கம் வழியாகப் பெரும்பாக்கம் ஏரி காலை ஆறு மணிக்கு நல்ல தூரம். ஏழரைக்கு மேல் அந்த ரோட்டில் லாரிகளோடு போட்டி போட முடியாது. கியர் சைக்கிளின் கம்பிகளைக் கடற்காற்றும் மழையும் தின்றுவிட்டன. கியர் இல்லாத இரும்புச் சைக்கிளுக்கு மாறினேன், மேடே இல்லாத ஊரில் குறை தெரியவில்லை.

ஐப்பசியிலிருந்து பங்குனி வரை பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் பார்க்க அவ்வளவு இருக்கிறது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, சங்குவளை நாரை, கூழைக்கடா, கண்ணை மூடிக்கொண்டு போனாலும் தெரிகிற நீலத்தாழைக்கோழி. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே குப்பைமேடும் இருக்கிறது, காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிற நாளில் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் வரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம், மாடியில் உட்கார்ந்தே கால் மணி நேரம் எண்ணி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தாலும் கணக்குதான்.

பைனாகுலரில் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) வாங்குங்கள். 10x50 பெரிதாகக் காட்டும், கையும் பெரிதாக ஆடும், கழுத்தும் வலிக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அவ்வளவு அகலம், விடிகாலை மங்கலுக்கு அது தாராளம். ஜூம் வைத்த மாடல்கள் பக்கம் போகவே வேண்டாம்.

இந்தக் கருவிக்கு வெயில் எதிரி இல்லை, ஈரம்தான். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்த நண்பர் ஒருவரின் பைனாகுலரில் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடிவிட்டது. சுத்தம் செய்யக் கேட்ட கூலியில் பாதி பைனாகுலர் வாங்கிவிடலாம். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஆரஞ்சு நிற சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சிறுதீயில் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும், புதிதாக வாங்க வேண்டியதில்லை.