ஆன்லைன் கடையில் கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் லாகின்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

"கூகுள் லாகின் வைத்தால் விற்பனை கூடுமா?" என்பதுதான் ஆன்லைன் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது. மூன்று லாகின்களையும் என் கடையில் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். விற்பனை இதனால்தான் கூடியது என்று பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் "பாஸ்வேர்டு மறந்துபோச்சு, ரீசெட் மெயில் வரவில்லை" என்று வரும் புகார்கள் நன்றாகவே குறைந்தன. எப்போதோ ஒரு முறை வாங்க வருகிறவருக்கு நம் கடையின் பாஸ்வேர்டு எப்படி நினைவிருக்கும்? அவர்களுக்காகவே இதை வைக்கலாம்.

பட்டனை வைப்பது பெரிய வேலை இல்லை. அந்தந்த நிறுவனத்தின் டெவலப்பர் பக்கத்தில் பதிவு செய்து, அவர்கள் தரும் அடையாள எண்ணையும் ரகசியச் சாவியையும் பிளகினில் (கடைத் தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருளில்) போட்டால் வேலை செய்யத் தொடங்கிவிடும். லாகின் முடிந்து திரும்பி வரும் முகவரியை மட்டும் எழுத்துக்கு எழுத்து சரியாகக் கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடக் குறைய இருந்தாலும் கூகுள் ஏற்காது.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது: ஒரே வாடிக்கையாளர் நம் கடையில் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஒருவர் முதலில் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கொடுத்துக் கணக்கு தொடங்குகிறார். அடுத்த முறை கூகுள் பட்டனை அழுத்துகிறார். பிறகு ஐஃபோன் வாங்கி, ஆப்பிள் லாகினில் 'மின்னஞ்சலை மறை' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். கவனிக்காமல் விட்டால் அவருக்கு மூன்று கணக்குகள். "போன மாதம் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பணும், என் ஆர்டரையே காணோம்" என்று அவர் பதறும்போது, அந்த ஆர்டர் வேறொரு கணக்கில் பத்திரமாக இருக்கும். அவருக்கு அது எப்படித் தெரியும்?

எனவே மின்னஞ்சலை வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது. மின்னஞ்சல் மாறும், மறைக்கப்படும், ஃபேஸ்புக்கில் சில சமயம் வரவே வராது. தொலைபேசி எண்ணில் கணக்கு தொடங்கியவரிடம் மின்னஞ்சல் இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் தர மறுக்கலாம். மூன்று நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைத் தருகின்றன. லாகின் எந்த நிறுவனம், அது தந்த எண் எது, நம் வாடிக்கையாளர் எண் எது என்று மூன்றையும் ஒரு தனி அட்டவணையில் வைத்தால் ஒருவருக்கு எத்தனை லாகின் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

"மின்னஞ்சல் ஒன்றாக இருந்தால் இரண்டு கணக்குகளையும் தானாகவே இணைத்துவிடு" என்று பல பிளகின்களில் ஒரு வசதி இருக்கும். அதை அப்படியே இயக்கிவிடாதீர்கள். உங்கள் மின்னஞ்சலைப் போட்டு வேறொருவர் முன்கூட்டியே கணக்கு தொடங்கி, தன் பாஸ்வேர்டை வைத்துவிடலாம். பிறகு நீங்கள் கூகுள் வழியே வந்ததும் இரண்டும் இணைந்துவிடும். அவருடைய பாஸ்வேர்டும் உயிரோடு இருக்கும், உங்கள் முகவரியும் ஆர்டர்களும் அவர் கண்ணில் படும். இணைப்பதற்கு முன் பழைய பாஸ்வேர்டையோ மின்னஞ்சலுக்கு அனுப்பும் குறியீட்டையோ கேட்பதுதான் முறை. கூடுதலாக ஒரு படிதான், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஆப்பிள் லாகினில் மறைக்கப்பட்ட மின்னஞ்சலுக்கு நாம் அனுப்பும் ரசீதும் டெலிவரித் தகவலும் போய்ச் சேர, அனுப்பும் டொமைனை ஆப்பிளின் டெவலப்பர் பக்கத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளரின் பெயரையும் ஆப்பிள் முதல் முறை மட்டுமே தரும். அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கார்ட். பெயரும் மின்னஞ்சலும் கேட்டால் ஆப்பிள் தன் பதிலை 'போஸ்ட்' முறையில், அதாவது படிவத்தை நிரப்பி அனுப்புவது போல அனுப்பும். வேறு தளத்திலிருந்து அப்படி வரும்போது, வந்தவர் யார் என்று நினைவில் வைக்க நாம் பிரவுசரில் போட்டுவைக்கும் குக்கி என்ற சிறு குறிப்பில், வேறு தளங்களிலிருந்து வரும்போது அதை அனுப்பலாமா என்று சொல்லும் 'சேம்சைட்' அமைப்பு 'லாக்ஸ்' என்று இருந்தால், பிரவுசர் அதைக் கூடவே அனுப்பாது. 2020 முதல் குரோம் இந்த அமைப்பையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. குக்கி வராததால் சர்வர் இவரைப் புது ஆள் என்று நினைத்துப் புது குக்கி கொடுக்கும், நிரப்பிய கார்ட் காலியாகிவிடும். பணம் கட்டப் போகிற நேரத்தில் இப்படி நடந்தால் யார் திரும்பவும் ஒவ்வொரு பொருளாகத் தேடி எடுப்பார்கள்? பதிலை வாங்கும் பக்கத்துக்கு மட்டும், வேறு தளத்திலிருந்து வந்தாலும் கூடவே வரும்படி அமைத்த, சில நிமிட ஆயுளுள்ள தனிக் குக்கி வைத்து, கார்ட் குக்கியைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. லாகினைச் சோதிக்கும்போது கார்ட்டில் பொருளோடு சோதியுங்கள்.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலிருந்து வருகிறவர்களையும் மறக்கக் கூடாது. அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் கூகுள் லாகின் ஓடாது. ஆப்புக்குள் பொதிந்த பிரவுசர்களைப் பாதுகாப்புக்காக கூகுள் தடுத்துவைத்திருக்கிறது. பட்டனை அழுத்தியவருக்கு வெறும் பிழைச் செய்திதான் தெரியும். அங்கிருந்து வருகிறவர்களுக்கு மின்னஞ்சல் ஓடிபியை முதலில் காட்டுவது நல்லது.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும், சமூக ஊடக லாகின் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது. அந்த லாகினை மட்டுமே நம்பியிருந்த தளங்களின் வாடிக்கையாளர்கள் அத்தனை நேரமும் வெளியேதான் நின்றார்கள். வாடிக்கையாளரின் ஃபேஸ்புக் கணக்கே முடக்கப்பட்டாலும் இதே கதைதான். மின்னஞ்சல் ஓடிபி ஒரு வழியாக எப்போதும் இருக்கட்டும், கணக்கே இல்லாமல் வாங்கும் வசதியும் இருக்கட்டும்.

பராமரிப்பும் உண்டு. ஆப்பிளுக்கான ரகசியச் சாவி அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும், பிறகு புதிதாக உருவாக்க வேண்டும். கூகுள் தன் பழைய லாகின் நூலகத்தை (தளங்கள் லாகினுக்காக எடுத்துப் பயன்படுத்திய ஆயத்த நிரலை) 2023 மார்ச் மாதத்தோடு கைவிட்டது. பிளகினைப் புதுப்பிக்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அனுமதி கேட்கும்போது பெயர், மின்னஞ்சல் தவிர வேறு எதையும் கேட்க வேண்டாம். பொருள் விற்பதற்கு ஒருவரின் நண்பர் பட்டியல் எதற்கு?

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் கூகுளும் மின்னஞ்சல் ஓடிபியும் போதும். ஃபேஸ்புக்கை உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்டால் பிறகு சேர்க்கலாம். ஐஃபோன் ஆப்பும் போடும் எண்ணம் இருந்தால் ஆப்பிள் லாகினையும் இப்போதே சேர்த்துத் திட்டமிடுங்கள். பிற நிறுவனங்களின் லாகினை வைக்கும் ஆப்பில், மின்னஞ்சலை மறைக்க விடும் லாகின் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது ஆப் ஸ்டோர் விதி.