முதல் செல்: வெங்காயமா, கன்னமா?

நுண்ணோக்கியை முதன்முதலாகத் தொடும் பிள்ளைக்கு எந்தச் செல்லைக் காட்டலாம்? பள்ளிகளில் போட்டி பெரும்பாலும் வெங்காயத் தோலுக்கும் கன்னத்தின் உட்புறச் செல்லுக்கும்தான்.

கைக்கு எளிது வெங்காயம். சதைப்பற்றான ஓர் இதழை ஒடித்து, குழிவான பக்கத்தில் இடுக்கியால் இழுத்தால் மெல்லிய தோல் உரிந்து வரும். அது ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. ஒரு சொட்டு அயோடின் விட்டு, மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பை ஊசியில் தாங்கிச் சாய்வாக இறக்க வேண்டும். தடாலென்று வைத்தால் காற்றுக்குமிழ் புகுந்துவிடும். கறுப்பு விளிம்புள்ள அந்த வட்டத்தையே செல் என்று வரைந்துவைக்கும் பிள்ளைகள் உண்டு. நன்றாக அமைந்தால் 100 மடங்கு உருப்பெருக்கத்திலேயே செங்கல் அடுக்கியதுபோல் செல்களும், ஒவ்வொன்றிலும் ஓர் உட்கருவும் தெரியும்.

குறை ஒன்று உண்டு. பாடநூல் படத்தில் தாவரச் செல் பச்சையாக இருக்கும். வெங்காயத் தோலிலோ, வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பச்சை நிறப் பகுதியான பசுங்கணிகமே கிடையாது. வெளிச்சம் படாமல் உணவைச் சேமிக்கும் பகுதிக்கு அது எதற்கு? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கட்டும். பச்சையைக் காட்ட ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலை ஒன்றை அப்படியே தண்ணீரில் வைத்தால் போதும்.

கன்னச் செல்லின் பலம், 'இது என் செல்' என்ற பரவசம். வேறெந்த மாதிரியும் அதைத் தராது. ஆனால் வேலை கூடுதல். செல்லின் அகலம் சுமார் 0.05 மி.மீ.தான்; மெத்திலீன் நீலச் சாயம் வேண்டும், உட்கருவைத் தெளிவாகப் பார்க்க 400 மடங்கு வேண்டும். செல்கள் மடிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் கிடக்கும். கன்னத்தின் உட்புறத்தை வருடிச் செல்களை எடுக்க ஒருவர் பயன்படுத்திய பஞ்சுக் குச்சியை இன்னொருவர் தொடக்கூடாது. முடிந்ததும் கிருமிநாசினியில் போட்டுவிட வேண்டும்.

ஒரே ஒரு பாடவேளைதான் என்றால் என் தேர்வு வெங்காயம், அதிலும் சிவப்பு வெங்காயம். இதழின் வெளிப்பக்கத் தோலில் இயற்கையாகவே நிறம் இருப்பதால் சாயமே வேண்டாம். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் கெட்டியான உப்புநீரை விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் செல்லுக்குள் இருக்கும் சிவப்பு, அதைச் சூழ்ந்த மெல்லிய சவ்வோடு சேர்ந்து சுருங்கி, சுவரை விட்டு விலகும். செல் சுவர் வேறு, செல் சவ்வு வேறு என்பது அங்கே கண்ணெதிரே நடக்கிறது. 1665-ல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்தது வெறும் சுவர்களைத்தான். அவருக்குக் கிடைக்காத உள்ளடக்கம் இங்கே நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

கன்னச் செல்லை அடுத்த வகுப்புக்கு வையுங்கள். சுவரைப் பார்த்துவிட்ட பிள்ளைக்குத்தான் சுவர் இல்லாத செல் ஏன் ஒழுங்கற்று மடிந்து கிடக்கிறது என்று கேட்கத் தோன்றும்.