ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பிஎஸ்: ஒன்றர வருஷமா படிக்கிறவன் சொல்றேன்

வேலைக்கு போய்ட்டே கம்ப்யூட்டர் டிகிரி ஆன்லைன்ல படிக்கலாமான்னு கேக்குறவங்க எல்லாருக்கும் சேத்தே எழுதிடுறேன். நான் பிகாம், உடுமலைல ஒரு நூல் மில் ஆபீஸ்ல பில்லிங் பாக்குறேன். மொதல்ல ஒரு தனியார் யுனிவர்சிட்டியோட ஆன்லைன் பிசிஏ பாத்தேன், பேரு வேணாம், தெரியாம ஃபோன் நம்பர குடுத்துட்டேன், கவுன்சிலர்னு சொல்லி ஒரு வாரம் விடாம கால், இன்னைக்கே பணம் கட்டுனா தள்ளுபடியாம். பரீட்ச எப்டிங்கன்னு கேட்டா மட்டும் பதிலே வரல, விட்டுட்டேன்.

அப்புறம் சேந்தது ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பிஎஸ், டேட்டா சயின்ஸ் டிகிரி. 2020ல ஆரம்பிச்ச இந்த கோர்ஸ்க்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு கட்டாயம் இல்ல. குவாலிஃபையர்னு ஒரு தகுதித் தேர்வு, அதுக்கும் அவங்களே நாலு வாரம் பாடம் நடத்தி அதுலருந்தே கேள்வி கேக்குறாங்க, எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். உள்ள போனா ஃபவுண்டேஷன், டிப்ளமோ, பிஎஸ்சி, பிஎஸ்னு படிப்படியா போகுது, ஒவ்வொரு பாடம் முடிச்சா இத்தன கிரெடிட்னு புள்ளி சேரும், முழுசா முடிக்க 142 கிரெடிட், முடியலன்னா நடுவுல டிப்ளமோவோட கெளம்பிக்கலாம். ஃபீஸும் எடுக்குற பாடத்துக்கு மட்டும் அந்தந்த டெர்ம்ல கட்டுனா போதும்.

பாடம் எப்டின்னா, கம்ப்யூட்டேஷனல் திங்கிங்னு ஒரு பேப்பர், மாதவன் முகுந்த் சாரும் வெங்கடேஷ் சாரும் எடுக்குறாங்க. கோடிங்கே கெடையாது. கடை பில்லு, மார்க் அட்டைன்னு ஒரு கட்டு அட்டைய வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து படிச்சு அடுத்த கட்டுல போடுறாங்க, அவ்ளோதான். எங்கம்மா எட்டிப் பாத்துட்டு "காலேஜுன்னுட்டு என்னடா சீட்டாடுறாங்க"ன்னு கேட்டுட்டு போச்சு. ஆனா நான் நாள் பூரா பில்லு பாக்குறவன், லூப்னா, அதாவது ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்ய வைக்கிறதுன்னா, என்னன்னு அன்னிக்குதான் மண்டைல ஏறுச்சு. அடுத்து சுதர்ஷன் ஐயங்கார் சாரோட பைதான் கோடிங் பாடம், பயமே இல்லாம போச்சு.

இப்ப கஷ்டத்த சொல்றேன். ஆன்லைன்னு சொன்னாலும் முக்கியமான பரீட்ச ஆன்லைன்ல கெடையாது. குவிஸ் 1, குவிஸ் 2, எண்ட் டெர்ம் எல்லாம் நேர்ல போய் எழுதணும், எனக்கு கோயமுத்தூர் சென்டர், ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ஸ புடிச்சு ஓடணும். வாரா வாரம் அசைன்மெண்ட்டுக்கு கெடு இருக்கு, ஒரு வாரம் விட்டா அடுத்த வாரம் ஒண்ணுமே புரியாது. நான் திமிரா மொத டெர்ம்லயே நாலு பாடம் எடுத்து மேத்ஸ் 1ல ஊத்திக்கிச்சு, அதுக்கு மறுபடி ஃபீஸ் கட்டி மறுபடி மொதல்லருந்து, தப்பு முழுக்க என்னோடதுதான். வேலைக்கு போறவங்க ரெண்டுக்கு மேல எடுக்காதீங்க. அப்புறம் ஓபிபிஇ, அதாவது கேமரா முன்னாடி உக்காந்து கோட் அடிக்கிற பரீட்ச, கோட் சரியான்னு பாக்க அவங்க குடுக்குற டெஸ்ட் கேஸ்ல கண்ணுக்கு தெரியுறது எல்லாம் பாஸ் ஆகும், மறைச்சு வச்சிருக்குறது கால வாரிடும்.

இன்னொண்ணு, பட்டத்தோட பேரு டேட்டா சயின்ஸ். டேட்டாபேஸ் பாடமான டிபிஎம்எஸ், ஜாவா கோடிங், டேட்டாவ அடுக்கி வைக்கிற டேட்டா ஸ்ட்ரக்சர் எல்லாம் டிப்ளமோல வருது, நான் இப்ப அங்கதான் இருக்கேன். கம்பைலர் (நாம எழுதுற கோட மெஷினுக்கு புரியுற மாதிரி மாத்துறது) மாதிரி ஆழமான கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பரெல்லாம் கட்டாயமா வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது சரிப்படாது.

பணம் கட்றதுக்கு முன்னாடி யூடியூப்ல போய் மேத்ஸ் 1 வீடியோ நாலு வாரத்தது பாருங்க, எல்லாம் சும்மாவே கெடக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல தூங்காம பாக்க முடிஞ்சா அப்ளை பண்ணுங்க.