விடியற்காலை மீன் ஏலப் படங்களுக்கு எந்த நாய்ஸ் மென்பொருள்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிவதற்கு முன்னே படம் எடுக்கிறவர்களுக்கு ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்ற அளவு) 6400 சர்வ சாதாரணம். ஏலத்தில் யாரும் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள், கூடைகள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் எல்லாம் கலங்கிவிடும். ஆக, நாய்ஸ், அதாவது படமெங்கும் தெறிக்கும் தேவையற்ற புள்ளிகள், வந்தே தீரும். அதை வீட்டுக்கு வந்து எந்த மென்பொருளில் நீக்குவது? டார்க்டேபிள், லைட்ரூம், டிஎக்ஸ்ஓ ப்யூர்ரா, டோபாஸ் ஆகிய நான்கையும், படங்களை அடுக்கிச் சேர்க்கும் பழைய வழியையும் இங்கே மோதவிட்டுப் பார்க்கிறேன்.

நாய்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிழலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தெறிக்கும் நிறப்புள்ளி. இன்னொன்று, மணல் தூவியது போன்ற வெளிச்சப் புள்ளி. துறைமுகத்து மஞ்சள் விளக்கில் முதல் வகைதான் அதிகம் படுத்தும். அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சமன்செய்வது) சரிசெய்யும்போது மென்பொருள் நீலத்தைத் தூக்கிக் கொடுக்கிறது, அதிலுள்ள நாய்ஸும் சேர்ந்து எழும்புகிறது.

நிறப்புள்ளிக்காக மட்டும் காசு செலவழிக்க வேண்டாம். இலவசமான டார்க்டேபிள் போதும். ஒவ்வொரு கேமரா மாடலும் ஒவ்வொரு ஐஎஸ்ஓவில் எவ்வளவு நாய்ஸ் தரும் என்று அளந்த விவரம் அதில் இருக்கிறது, அதை வைத்தே கணக்குப் போடும். லைட்ரூமிலும் ரா ஃபைலை (சென்சார் பதிந்த மூலத் தகவல் உள்ள ஃபைல்) திறந்த உடனே நிற நாய்ஸ் 25 என்ற அளவில் தானாகக் குறைக்கப்பட்டுதான் வரும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

வெளிச்சப் புள்ளிக்கு வரும்போதுதான் இலவசத்துக்கும் காசுக்கும் உள்ள தூரம் தெரிகிறது. டார்க்டேபிளில் அதை முழுசாக அழிக்கப் போனால் வலையின் கண்ணியும் சேர்ந்து மழுங்கிவிடும். நைலான் நூல், மீன் செதில், நரைத்த தாடி எல்லாமே மென்பொருளின் கணக்கில் நாய்ஸ் மாதிரிதான். லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டீநாய்ஸும், டிஎக்ஸ்ஓ ப்யூர்ராவில் உள்ள டீப்பிரைம் என்ற ஏஐ முறையும் இந்த இடத்தில்தான் ஜெயிக்கின்றன. சென்சார் தந்த மூலத் தகவலில் இருந்தே வேலையைத் தொடங்குவதால் நூல் எது, புள்ளி எது என்று ஓரளவு பிரித்துவிடுகின்றன. என் கண்ணுக்கு, கும்மிருட்டுப் படங்களில் டிஎக்ஸ்ஓ ஒரு படி மேல். லென்ஸின் ஓர மழுங்கலையும் அதே ஓட்டத்தில் சரிசெய்கிறது. ஆனால் அது தரும் டிஎன்ஜி (ரா போன்ற ஒரு வகை) ஃபைல் மூல ஃபைலைவிடப் பெரிது. ஒரு காலை முழுதும் எடுத்ததைப் போட்டால் ஹார்டு டிஸ்க் திணறும். லைட்ரூமும் முன்பு தனி ஃபைல்தான் போட்டது, 2025 முதல் அது தேவையில்லை. இரண்டுக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சாதா லேப்டாப்பில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம்.

டோபாஸின் பலம் ஜேபெக்கையும் எடுத்துக்கொள்வது. ரா இல்லாத பழைய படங்களுக்கு அது நல்ல வழி. ஆனால் தூரத்தில் சின்னதாகத் தெரியும் முகங்களை அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை. இல்லாத இமையையும் பல்வரிசையையும் வரைந்து வைக்கும். படகில் எழுதிய பெயரின் எழுத்துகளும் வேறு ஏதோ கோடுகளாகிவிடும். கல்யாண ஆல்பத்தில் இது கண்ணில் படாமல் போகலாம். செய்திப் படத்தில் கூடாது. லைட்ரூமும் டிஎக்ஸ்ஓவும் முழு வேகத்தில் ஓட்டினால் இதையே கொஞ்சம் செய்யும், அதனால் அளவை ஏற்றாமல் பாதியிலேயே நிறுத்துகிறேன். சிறிது மணல் இருந்தால் என்ன?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போனால் ஆட்டமே மாறிவிடும். பழைய கலங்கரை விளக்கமும் போர் நினைவுச் சின்னமும் எங்கும் ஓடப்போவதில்லை. மாலையில் வண்டிகளையும் விடமாட்டார்கள், ட்ரைபாடை வைக்க இடம் கிடைக்கும். அசையாமல் 16 படம் எடுத்துச் சராசரி போட்டால் நாய்ஸ் நான்கில் ஒன்றாகிவிடும். 4 படம் என்றால் பாதி. ஏனென்றால் நாய்ஸ் படத்துக்குப் படம் இடம் மாறும், கட்டடம் மாறாது. இங்கே ஏஐயின் கற்பனைக்கு வேலையே இல்லை. சராசரிக்குப் பதில் மீடியன் (எல்லாப் படங்களின் மதிப்புகளில் நடுவில் இருப்பது) போட்டால் குறுக்கே நடந்துபோகும் கூட்டமும் காணாமல் போகும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் மிஞ்சுவார். அலை மட்டும் பஞ்சாகிவிடும். அது வேண்டாம் என்றால் கடல் பகுதியை ஒரே படத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

போனின் நைட் மோடு இதே அடுக்கும் வேலையைத்தான் உள்ளே செய்கிறது. அந்த ஜேபெக்கை மறுபடி எதில் போட்டாலும் முகம் பிளாஸ்டிக் ஆகும், விட்டுவிடுங்கள்.

செலவுக் கணக்கில், லைட்ரூமும் இப்போது டோபாஸும் சந்தா. ப்யூர்ராவை ஒரே முறை வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே லைட்ரூம் சந்தா கட்டுகிறவர் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சந்தாவே பிடிக்காது, ஆனால் மாதாமாதம் துறைமுகத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் போவேன் என்கிறவருக்கு ப்யூர்ரா. எப்போதாவது எடுக்கிறவர் டார்க்டேபிளில் நிறப்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்கட்டும். திரையில் நூறு சதவீதத்தில் உறுத்திய மணலில் பெரும்பகுதி காகிதத்தில் தெரியாது.