ஏற்காட்டுச் சாலை நர்சரியில் லாவெண்டர்: செடி நன்று, மண்கலவை சரியில்லை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையோரச் சிறு நர்சரி ஒன்றில் வாங்கிய லாவெண்டர் செடிகளைப் பற்றி எழுதுகிறேன். கீழே சொல்லும் குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வகையை. எண்ணெய்க்காகப் புகழ்பெற்ற அங்குஸ்டிஃபோலியா வகை நன்கு பூப்பதற்குக் கடுங்குளிர் வேண்டும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலேயே அவ்வளவு குளிர் கிடையாது, சேலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கு விற்பது மேற்கு மத்தியதரைக்கடல் பகுதியின் வறண்ட சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் வளரும் டென்டாட்டா. குறுகிய சாம்பல்பச்சை இலையின் ஓரம் முழுவதும் ரம்பப் பற்கள் போல வெட்டுப்பட்டிருக்கும்; கசக்கினால் கற்பூர நெடி எழும். குளிரை எதிர்பாராமல் பூக்கும். "சேலத்துக்குன்னா மதிய வெயிலுக்கு மட்டும் நிழல் குடுங்கம்மா, தண்ணியக் கம்மி பண்ணுங்க" என்று கடைக்காரர் தாமாகவே சொன்னதும் சரியான அறிவுரை.

ஆனால் செடியை நட்டிருக்கும் கலவை அந்த அறிவுரைக்கே எதிரானது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது மேல்மண் காய்ந்திருக்க, நடுவிலிருந்த தென்னைநார்க் கழிவு பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. அதைச் சுற்றிய வேர்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன. பாறையிடுக்கில் வேர்விட்டுப் பழகிய செடிக்கு வறட்சியைவிடத் தேங்கும் ஈரமே பெரும்பகை. ஆகவே வாங்கியவுடன் நார்க்கழிவை மெல்ல உதிர்த்துவிட்டு, செம்மண், தூசு போகச் சலித்த எம்-சாண்ட், சிறு சரளை மூன்றையும் சம அளவில் கலந்து, மண்தொட்டியில் மாற்றி நட வேண்டும். பாக்சைட் கிடைக்கும் சேர்வராயன் மலையின் மண் அமிலத்தன்மை உடையது என்பதால், ஏற்காட்டு மண்ணையே பயன்படுத்துவோர் ஒரு கரண்டி வேளாண் சுண்ணாம்பு சேர்க்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அது வேரைச் சுட்டுவிடும். மழைக்காலத்தில் தொட்டி தாழ்வாரத்துக்குள் இருக்கட்டும்.

பூத்து முடிந்ததும் கவாத்து செய்ய வேண்டும். பச்சை இலைகள் இருக்கும் பகுதிக்குக் கீழே, கட்டையான முதிர்தண்டில் வெட்டினால் அது பெரும்பாலும் துளிர்ப்பதில்லை.

அதே கடையில் விதைப் பொட்டலமும் கிடைக்கிறது. அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முளைப்பு தாமதமாகவும் சீரற்றும் இருக்கும். குச்சி வைத்து வேர்பிடித்த செடியையே கேட்டு வாங்குங்கள், முடிந்தால் தை மாதத்தில்; வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடைக்குமுன் வேரூன்ற அவகாசமும் இருக்கும்.