மாத்திரையை நிறுத்திய பின் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை: உடனே செய்வதா, மூன்று மாதம் பொறுப்பதா?

கருத்தடை மாத்திரையை நிறுத்தியதும் பலருக்கு நாள் தள்ளிப்போகிறது. சிலருக்கு உதிரப்போக்கு முன்பைவிடக் கூடுகிறது, முகப்பரு திரும்புகிறது, முடி கொட்டுகிறது. அப்போது சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வழிகள் உண்டு. தனியார் மருந்தகங்கள் தொகுப்பாக விற்கும் ஹார்மோன் பரிசோதனையை உடனே செய்துகொள்ளலாம். அல்லது மாதவிடாய் நாள்களைக் குறித்துக்கொண்டு மூன்று மாதம் பொறுத்து, பிறகு குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) தேவையான சோதனைகளை மட்டும் செய்துகொள்ளலாம். பெரும்பாலானோருக்கு இரண்டாவது வழியே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எல்லாருக்கும் அது பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய ஹார்மோன்கள் கலந்த மாத்திரை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஆகிய ஹார்மோன்கள் சுரப்பதை அடக்கிவைத்துக் கருமுட்டை வெளிவராமல் தடுக்கிறது. மாத்திரை உண்ட காலத்தில் தவறாமல் மாதந்தோறும் வந்த உதிரப்போக்கும் இயல்பான மாதவிடாய் அன்று. மருந்தில்லாத இடைவெளி நாள்களில் ஹார்மோன் அளவு இறங்குவதால் வந்தது. எனவே, "மாத்திரை சாப்பிட்டபோது ஒழுங்காக வந்ததே, இப்போது ஏன் இப்படி?" என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. மாத்திரை தொடங்குவதற்கு முன் எப்படி இருந்தது என்பதே ஒப்பிட வேண்டியது. முன்பே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தவருக்கு, பெரும்பாலும் அந்தப் பழைய ஒழுங்கின்மைதான் திரும்பியிருக்கும்.

தோழி ஒருவர், மாத்திரை அட்டையின் நடுவில் இருந்தபோது எடுத்த பரிசோதனை அறிக்கையை என்னிடம் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடயால், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் மூன்றும் குறைவாக இருந்தன. பக்கத்தில் சுழற்சியின் முதற்பாதி, கருமுட்டை வெளிவரும் காலம், பிற்பாதி, மாதவிடாய் நின்ற நிலை என்று தனித்தனி அளவுகள் அச்சிடப்பட்டிருந்தன. அவருடைய எஸ்ட்ராடயால் கடைசி வரிசையோடு ஒத்துப்போகவே, தமக்கு இளவயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டதோ என்று அஞ்சினார். உண்மையில் மாதவிடாய் நிற்கும்போது எஃப்எஸ்ஹெச் மேலே ஏறும். அவருக்கோ அது இறங்கியிருந்தது. மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதைத் தவிர அந்தத் தாள் வேறெதையும் சொல்லவில்லை. அதற்குப் பணமும் கட்டி, தூக்கத்தையும் தொலைத்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சினைப்பை நீர்க்கட்டி நோய், அதாவது பிசிஓஎஸ், இருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகமாகக் குழப்பம் தரும். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை, எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தைக் கல்லீரல் கூடுதலாக உற்பத்தி செய்யும்படி தூண்டுகிறது. அப்புரதம் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உண்மையில் அதிகமாக இருக்கக்கூடிய ஆண் ஹார்மோன் அளவு அறிக்கையில் இயல்பாகத் தெரியும். 2023இல் வெளிவந்த பிசிஓஎஸ் பற்றிய அனைத்துலக வழிகாட்டி, ஆண் ஹார்மோன்களை நம்பகமாக அளக்க மாத்திரையை நிறுத்திக் குறைந்தது 3 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. மீதமுள்ள கருமுட்டைகளைக் கணிக்க உதவும் ஏஎம்ஹெச் அளவும் மாத்திரையால் தாழ்ந்து, நிறுத்திய பின் மெல்ல மீள்கிறது.

பொறுத்தவர்களுக்கும் நாள் கணக்கு முக்கியம். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ராடயால் ஆகியவற்றுக்கு மாதவிடாயின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் ரத்தம் எடுப்பது வழக்கம். கருமுட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோனை அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 7 நாள் முன்னதாகப் பார்க்க வேண்டும்; 28 நாள் சுழற்சிக்கு அது 21ஆம் நாள், 35 நாள் சுழற்சிக்கு 28ஆம் நாள். விடுப்பு கிடைத்த சனிக்கிழமையன்று எல்லாவற்றையும் ஒரே குழாயில் எடுக்கும் தொகுப்பில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. வீட்டிலேயே விரலில் குத்தி அனுப்பும் பெட்டிகளுக்கும் இதே குறை உண்டு. முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது சில ஹார்மோன் சோதனைகளின் முடிவைத் திரித்துவிடும்.

காத்திருக்கத் தேவையில்லாத சோதனைகளும் உண்டு. நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. மாத்திரையை நிறுத்திய பின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருத்தரிக்க முடியும். உதிரப்போக்கு மிகுந்தவருக்கு முழு ரத்த எண்ணிக்கையும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பெரிய ஹார்மோன் தொகுப்பைவிடப் பயன் தரும். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் சோதனையையும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில் அதிகம் என்பதால், பிசிஓஎஸ் உறுதியானவர்கள் சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

எங்கே செய்வது என்பதில் எனக்குப் பெரிய தயக்கமில்லை. பலதுறை மருந்தகத்தில் கட்டணம் குறைவு, முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ சென்றால் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மானியமும் உண்டு. குறிப்பிட்ட மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது, சந்திப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தனியார் மகப்பேறு மருத்துவரிடம் நேரடியாகப் போனால் விரைவு உண்டு, மானியம் இல்லை. மூன்று மாதம் பொறுக்கத்தான் போகிறோம் என்றால், இந்த விரைவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை.

மணிக்கு ஒரு மாதவிடாய்ப் பட்டை நனையும் அளவுக்கு உதிரப்போக்கு, தலைசுற்றல், தாங்க முடியாத அடிவயிற்று வலி ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் கொடுக்காத நிலையில் மார்பில் பால் சுரப்பது, பார்வை மங்கலோடு தலைவலி, உடல் திடீரென்று சூடேறி வியர்ப்பது ஆகியவற்றுக்கும் மூன்று மாத விதி பொருந்தாது. வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று மாதமாக மாதவிடாய் வராதவர்கள் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. கருத்தடை ஊசி போட்டவர்களின் கணக்கு வேறு. மாதவிடாய் திரும்ப அவர்களுக்கு இன்னும் பல மாதங்கள் ஆகலாம்.

குழந்தைக்காக மாத்திரையை நிறுத்தியவர்கள் முயற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வந்தும் கருத்தரிக்காவிட்டால், 35 வயதுக்கு உட்பட்டோர் ஓராண்டிலும் அதற்கு மேற்பட்டோர் ஆறு மாதத்திலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது கணவருக்கும் பரிசோதனை உண்டு.